நான் கொடுக்காத சின்னப் போத்தல்

எங்கள் பங்குக் கோயிலின் மதுவொழிப்புக் குழுவினர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். தவக்காலத்துக்கு ஒரு சிறு மலர் போடுகிறார்களாம், அதற்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம்.

"ஐயா முப்பத்தொரு வருஷம் பார்ல வேலை செஞ்சும் ஒரு சொட்டு வாயில வைக்காதவரு. மரியதாஸ் அண்ணனத் திருத்துனவரும் நீங்கதான். அத நீங்களே எழுதுனாத்தான் நல்லா இருக்கும்" என்றார் குழுவின் செயலாளர்.

இந்த வருடம் சாம்பல் புதனன்று பதினொரு பேர் பீடத்தின் முன் நின்று, அன்றிலிருந்தே குடியை விடுவதாக வாக்குக் கொடுக்கப்போகிறார்கள். அவர்களுக்கு முன்மாதிரி மரியதாஸ். ஒவ்வொரு தவக்காலத்திலும் அவருடைய பெயரைப் பிரசங்கத்தில் கேட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் நான். அதைத் தாழ்ச்சி என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

நான் குடிக்காதது உண்மை. மரியதாஸ் சாகும்போது குடித்திருக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து ஊர் கட்டிய கதைதான் உண்மையில்லை. அதை நான் கட்டவில்லை என்றாலும், இத்தனை வருடம் கலைக்கவுமில்லை.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதிரியாராகும் ஆசையில் நான் இரண்டு வருடம் குருமடத்தில் படித்தேன். தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா திடீரென்று இறந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் பார்க்க யாருமில்லை. தெரிந்தவர் ஒருவர் மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பாருக்குக் காசாளராகச் சேர்த்துவிட்டார். ஆறு மாதம் என்று நினைத்துப் போனேன். போன அன்று தொண்டையில் அடித்த புளித்த வாடை ஒரு வாரத்தில் மறைந்தது. வாடை மறையவில்லை, எனக்குப் பழகிவிட்டது என்பது தங்கை மூக்கைப் பொத்தியபோதுதான் தெரிந்தது.

ஊரிலேயே விலை குறைந்த பார் எங்களுடையது. பாட்டு இல்லை, நிற விளக்குகள் இல்லை. நீளமான குழல் விளக்கு, மார்பிள் துண்டுகள் ஒட்டிய மேசைகள், அவித்த கடலை, பொரித்த கருவாடு. இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் நிறையும். மிளகு மூட்டை தூக்குபவர்கள், தம்புள்ளைக்குப் போகிற வழியில் லொறியை நிறுத்திவிட்டு வரும் சாரதிகள், பல்லேகம பஸ்ஸைத் தவறவிட்டு விடியும்வரை எங்கே போவது என்று தெரியாத லக்கல விவசாயிகள். வேறு பார்களில் இவர்களை வாசலிலேயே ஒரு பார்வை பார்ப்பார்கள். எங்களிடம் அந்தப் பார்வை கிடையாது. அதற்குக் காரணம் பியதாச.

பியதாச தலைமைப் பரிமாறுநர். சிங்களவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வாடிக்கையாளர்களிடம் கற்ற தோட்டத்துத் தமிழை நன்றாகப் பேசுவார். மெலிந்த உடம்பு, மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. கவுண்டரில் ஒரு நாளும் சாய்ந்து நின்றதில்லை. நான் குருமடத்தில் இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்.

"சாமி, ஆட்களோட மூஞ்சியப் பாத்து வருத்தப்படாதே. இங்க பாவம் கேக்கிற வேலை இல்லே. ஊத்துற வேலை."

கடை மூடும் நேரத்தை அவர் வாயால் சொல்ல மாட்டார். மின்விசிறியை நிறுத்துவார். வியர்த்ததும் ஆட்கள் தாங்களாக எழுந்து போவார்கள். யாரையும் போ என்று சொல்லாமல் எல்லாரையும் அனுப்பிவிடுவார்.

ஆனால் அவருடைய வேலையின் நுட்பம் இரவில் இல்லை. பகல் பதினொரு மணிக்குக் கதவு திறக்கும்போது வெளியே ஐந்தாறு பேர் நிற்பார்கள். கை நடுங்குபவர்கள். குடிக்காவிட்டால் நடுங்கும் கைகள் அவை. அவர்களுக்குப் பியதாச சின்ன கிளாஸில் ஊற்ற மாட்டார். பெரிய தண்ணீர் கிளாஸை எடுத்து அடியில் கொஞ்சமாக ஊற்றுவார். கை எவ்வளவு ஆடினாலும் சிந்தாது. கிளாஸை ஈரத்துணியின்மேல் வைத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்று போத்தல்களை அடுக்குவார். முதல் வாய் உள்ளே போகும்வரை திரும்பமாட்டார். மோசமாக நடுங்குபவர்களுக்கென்று கவுண்டருக்குக் கீழே ஒரு துவாய் தொங்கும். அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையைக் கிளாஸ் பிடித்த கையில் சுருட்டிக்கொண்டு மறுமுனையை மற்றக் கையால் இழுத்தால், கிளாஸ் ஆடாமல் வாய்க்கு ஏறும். கிணற்றில் வாளி இழுப்பதுபோல. நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று சாப்பிடவில்லை.

அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றுதான். "வெறியில வர்றவனுக்கு இல்லேன்னு சொல்லலாம். சண்டைக்காரனுக்குச் சொல்லலாம். கை நடுங்குறவனுக்கு மட்டும் சொல்லாதே."

அதை ஒரு வியாபாரியின் தந்திரம் என்று நினைத்தேன். உறுதியான வாடிக்கையாளரை இழக்க யார்தான் விரும்புவார்கள்?

புத்தர் திருநாளான வெசாக்குக்கு இரண்டு நாள் எல்லாப் பார்களும் மூடியிருக்கும். அதற்கு முந்திய மாலை பியதாச ஒரு காரியம் செய்வார். வருடம் முழுவதும் மருந்துப் போத்தல்களைச் சேர்த்து, சுடுநீரில் கழுவி வைத்திருப்பார். அவற்றில் சாராயம் நிரப்பிப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அந்த ஐந்தாறு பேருக்கு மட்டும் கொடுப்பார். "காலையில ஒரு மூடி, பகல்ல ஒரு மூடி, ராவைக்கு ஒரு மூடி. கூட எடுத்தா நாளைக்கு இருக்காது." மருந்தகத்தில் சொல்வதுபோலவே சொல்வார். வாங்குபவர்களும் நோயாளிகளைப்போலவே தலையாட்டுவார்கள்.

மரியதாஸ், எரிந்துபோன மோட்டர்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் கட்டுபவர். கைவேலைக்காரரை இங்கே எல்லாரும் பாஸ் என்பார்கள். அவர் 'மோட்டர் பாஸ்'. முதலில் சனிக்கிழமை இரவுகளில் மட்டும் வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அவர் உட்கார்ந்த மேசையில் சிரிப்பு ஓயாது. லக்கலவிலிருந்து தண்ணீர் மோட்டரைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அவரைக் கடையில் காணாவிட்டால் நேரே எங்களிடம் வருவார்கள்.

"பாஸ், யானை வயர இழுத்துருச்சு. மோட்டர் எரிஞ்சிருச்சு."

"போன தடவ கொரங்குன்னீங்க. அடுத்த தடவ மயிலா?"

"சத்தியமா யானைதான் பாஸ்."

"அப்ப பில்ல யானை பேர்ல எழுதவா?"

சனிக்கிழமை பிறகு வெள்ளியையும் சேர்த்துக்கொண்டது. பிறகு எல்லா இரவும். அவர் வரத் தொடங்கிய பதினோராவது வருடம் ஒரு நாள் பகல் கதவைத் திறந்தபோது, வெளியே நின்றவர்களில் அவரும் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பதினொரு வருடமும் அவருக்கு ஊற்றிய இடத்தில்தான் நான் சம்பளம் வாங்கினேன். அந்தக் கை நடுங்கத் தொடங்கியதில் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நாட்களில் என் மனத்தில் நான் வேறு இடத்தில் நின்றேன். ஊற்றுபவர் பியதாச, குடிப்பவர் மரியதாஸ், நான் காசாளர் மட்டும்.

அதே வருடம் முதலாளி என்னை முகாமையாளராக்கினார். பியதாசவுக்குத்தான் அந்த இடம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியும், கணக்குத் தெரியும் என்று எனக்குக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து நான் உள்ளே வரும்போது பியதாச எழுந்து நின்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வெசாக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் மரியதாஸ் என் அறைக்கு வந்தார். அவருடைய மனைவி ரீட்டா வாசலுக்கு உள்ளே வராமல் குடையைப் பிடித்தபடி வெளியே நின்றார்.

"சாமி, அடுத்த மாசம் மகனுக்குப் புதுநன்மை, முதன்முதலா நற்கருணை வாங்கப்போறான். பீடத்துக்கிட்ட அவன் கையப் புடிச்சிக்கிட்டு நான் நிக்கணும். இந்தக் கையோட எப்பிடி நிக்கிறது? நான் விட்டுர்றேன். இனிமே நான் கேட்டாலும் ஊத்தாதீங்க. கெஞ்சினாலும் ஊத்தாதீங்க. தூசணத்துல ஏசினாலும் ஊத்தாதீங்க."

குருமடத்தை விட்டு வந்த பிறகு யாரும் என்னிடம் அப்படி எதையும் ஒப்படைத்ததில்லை. நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னேன். அந்த யோசனை என்னுடையது மட்டுமே.

"வெசாக்கோட நிறுத்துங்க. ரெண்டு நாள் எங்கயும் கெடைக்காது. ஆசப்பட்டாலும் கெடைக்காது. மூணாம் நாள் எழும்புறப்ப நீங்க புது மனுசன்."

அதோடு நிற்கவில்லை. ஊரில் இருந்த மற்ற பார்களுக்கும் சாராயக் கடைகளுக்கும் நானே நடந்துபோய், வெசாக்கிலிருந்து மோட்டர் பாஸுக்கு யாரும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். எல்லாரும் என்மேல் மதிப்பு வைத்து ஒப்புக்கொண்டார்கள். ஒரு மனிதனைச் சுற்றி எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பியதாச கேள்விப்பட்டு என் அறைக்கு வந்தார்.

"சாமி, அந்த ஆள் ஒரேயடியா விடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும். இல்லேன்னா ஆஸ்பத்திரியில படுத்து விடணும்."

"ஏன், ஒரு ஆள் கொறைஞ்சா யாவாரம் போயிருமா?" என்றேன்.

அவர் சட்டைக் கையின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு வெளியே போனார்.

வெசாக்குக்கு முந்திய மாலை, அவர் கழுவி வைத்திருந்த மருந்துப் போத்தல்களைக் கண்டுபிடித்துக் குப்பையில் போட்டேன். உரிமத்தில் அப்படி விற்க இடமில்லை என்று சொன்னேன். அது சட்டப்படி சரிதான். என்னை மீறி, வேறு போத்தல்களில் மற்ற ஐந்து பேருக்கும் அவர் கொடுத்து அனுப்பியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மரியதாஸுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவர் என் பொறுப்பு என்று நான் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தேன்.

வெசாக்கின் இரண்டாம் நாள் மாலை. பாரைக் கழுவுவதற்காக நானும் பியதாசவும் உள்ளே இருந்தோம். முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ரீட்டா. ஓடி வந்திருந்தார், செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"சாமி, கொஞ்சம் குடுங்க. ஒரு மூடி போதும். நேத்துலருந்து தூங்கல. வேர்த்துக் கொட்டுது. செவுத்துல கம்பி கம்பியா ஊருதுன்னு சொல்லிப் புடுங்கிக்கிட்டே இருக்காரு. என்னையே யாருன்னு கேக்குறாரு."

பியதாச கவுண்டருக்குக் கீழே கையை விட்டார். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"குடு சாமி" என்றார் மெதுவாக.

"வெளிய பொலிஸ் நிக்குது. வெசாக் அன்னைக்கு இங்கருந்து ஒரு போத்தல் போனாலும் லைசன்ஸ் போயிரும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. சந்து மொனையில ஓட்டோ நிக்கிது. இப்பவே அனுப்பு."

நான் ரீட்டாவிடம் திரும்பினேன். அப்போது பேசியதை இங்கே முழுவதும் எழுதத்தான் வேண்டும். "இது சாத்தானோட கடைசிச் சண்டை. இன்னைக்கு ராத்திரிதான் கஷ்டம். இதைத் தாண்டிட்டா அவரு ஜெயிச்சிருவாரு. இப்ப ஒரு சொட்டுக் குடுத்தாலும் இவ்வளவு பட்டதும் வீணாப் போயிரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பைத்தியம்னு எழுதிருவாங்க, புதுநன்மை நேரத்துல ஊரெல்லாம் பேசும். தைரியமாப் போங்க." சொல்லிவிட்டு, என் சட்டைப் பையில் இருந்த செபமாலையை எடுத்து அவருடைய கையில் வைத்தேன்.

அவர் செபமாலையைப் பார்த்தார், பியதாசவைப் பார்த்தார், போனார்.

நான் எதற்காக மறுத்தேன்? அவருக்குக் கொடுத்த வாக்குக்காகவா, உரிமத்துக்காகவா, பியதாசவின் முன்னால் இறங்கிப்போக மனம் வராததாலா? பல வருடங்களாக யோசித்துப் பார்க்கிறேன். பிரித்து எடுக்க முடியவில்லை. பிரித்து எடுத்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

விடியற்காலை மரியதாஸுக்கு வலிப்பு வந்தது. ஒன்று நிற்க அடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது.

அடக்கத்தின்போது, குடியை விட்டுச் சுத்தமான உடம்போடு இறைவனிடம் போன மனிதர் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். ஊர் அங்கிருந்துதான் கதையைக் கட்டத் தொடங்கியது. காய்ச்சல் என்று சிலர் சொன்னார்கள், இதயம் என்று சிலர். ரீட்டா வாயைத் திறக்கவில்லை. புதுநன்மையன்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய மாமா நின்றார்.

பியதாச அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். போகும் நாளன்று என் அறை வாசலில் நின்று பேசினார். குரலில் கோபம் இல்லை.

"சாமி, இந்த மாதிரி மூணு பேரப் பாத்திருக்கேன், நீ வர்றதுக்கு முந்தி. மூணும் வெசாக்குலதான். அதுக்குப் பொறகுதான் அந்தப் போத்தல். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் வந்து சொன்னபோது நான் என்ன பதில் கொடுத்தேன் என்பதை அவர் எனக்கு நினைவூட்டவில்லை.

வருடக்கணக்காகக் குடித்து, குடியில்லாமல் கை நடுங்குகிற உடம்பிலிருந்து சாராயத்தை ஒரேயடியாக நிறுத்தினால் அந்த உடம்பு செத்துப்போகக் கூடும் என்று பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிவிடலாமாம். அன்று நான் சாராயம் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போதும் வாதாட வரவில்லை. சந்து முனையில் ஓட்டோ நின்றது. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம்.

அதன் பிறகும் பதினான்கு வருடம் அதே பாரில் முகாமையாளராக இருந்தேன். வேறு வேலை தேடவில்லை. பெரிய கிளாஸில் அடியில் ஊற்றி, முதுகைக் காட்டித் திரும்பி நிற்க நானே கற்றுக்கொண்டேன். அதனால் யார் பிழைத்தார்கள்? அந்த ஐந்து பேரில் நான்கு பேர் ஈரல் கெட்டுச் செத்தார்கள். கொடுத்தும் கொன்றோம், கொடுக்காமலும் கொன்றோம். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று செய்யக்கூடிய நல்ல காரியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னபோது அவருடைய முகம் மாறியது.

"ஐயா, இப்பிடி எழுதுனா குடிக்கிறவங்களுக்கு நல்ல சாட்டாப் போயிருமே. விட்டா செத்துப்போவேன்னு சொல்லுவாங்க."

"உங்க பதினொரு பேருல ரெண்டு பேரோட கை காலையில நடுங்குறத நான் பாத்திருக்கேன் தம்பி. அந்த ரெண்டு பேரையும் சாம்பல் புதனுக்கு முந்தி டாக்டர்கிட்ட காட்டுங்க. பொறகு வாக்கு வாங்குங்க."

"பாக்குறோம் ஐயா" என்றார். பார்க்க மாட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. அந்த இருவருடைய வீடுகளுக்கும் நானே போனேன். ஒருவர் சரி என்றார். மற்றவர், "உங்களுக்கே விசுவாசம் கொறைஞ்சி போச்சா ஐயா? மரியதாஸ் அண்ணன் விடலையா?" என்று கேட்டார். அவருக்காகத்தான் இது அச்சில் வர வேண்டும் என்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ரீட்டாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அவர் இப்போது இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். நேற்றுப் பின்னேரம் போனேன். மா பிழிந்தபடியே கேட்டார். பின்பக்கக் கதவை அவர் தட்டிய இடம் வந்தபோது கை நின்றது. முடியும்வரை திரும்பத் தொடங்கவில்லை.

"உங்க பேரு வர்றது வேணாம்னா எடுத்துர்றேன்" என்றேன்.

"இருக்கட்டும். சாராயம் கேட்டு வந்தவள்னு ஊரு சொல்லட்டும். வந்தேன்தானே." இடியப்ப உரலைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியில அன்னைக்கே டாக்டரு கேட்டாரு, எப்ப நிறுத்துனாரு, ஏன் நேத்தே கொண்டு வரலன்னு. எனக்கு எல்லாம் தெரியும் சாமி. நீங்க வந்து சொல்லித் தெரிய வேண்டியதில்ல" என்றார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போயிருந்தேன். வாய் திறக்குமுன் அவரே கையைக் காட்டித் தடுத்தார்.

"அது கேக்காதீங்க. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க எழுதாதது ஒண்ணு இருக்கு. அதையும் போடுங்க."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு நான் வெறுங்கையோட வீட்டுக்குப் போனேன். வாசல்லயே ஒக்காந்திருந்தாரு. அந்த நேரம் கொஞ்சம் தெளிவு. 'கொண்டாந்தியா'ன்னு கேட்டாரு. சாமி தரல, இன்னைக்கு ராத்திரி பொறுத்துக்கச் சொன்னாருன்னு சொன்னேன். ஓட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவமான்னும் கேட்டேன். வேணாம்னுட்டாரு. 'அவரு படிச்ச மனுசன், அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு. அதுக்குப் பொறகு அவரு எதையுமே கேக்கல."